சொல் விளக்கம்: சமூக ஒதுக்கல்

சிலரைச் சமூக வாழ்விலிருந்து தள்ளிவைப்பதைக் குறிக்கும் ‘சோஷியல் எக்ஸ்க்ளூஷன்’ என்பதைச் சிலர் ‘சமூக விலக்கு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் சங்கடம் உண்டு. வரிவிலக்கு, கட்டண விலக்கு என்று பழகிய காதுக்கு அது ஏதோ சலுகைபோலக் கேட்கும். நடப்பதோ நேர்மாறு.

மூலம் லத்தீன். ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘க்ளௌதெரே’ என்றால் மூடுதல். ஆளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவதுதான் முதற்பொருள். சமூகக் கொள்கைக்குள் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவராகப் பெரும்பாலும் சுட்டப்படுபவர் பிரான்சின் ரெனே லெனுவார். அரசில் சமூகநலப் பொறுப்பில் இருந்த அவர், பிரெஞ்சுக்காரர்களில் பத்தில் ஒருவர் ஒதுக்கப்பட்டவர் என்று 1974-இல் தன் நூலின் தலைப்பிலேயே எழுதினார். மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்ற முதியோர், வதைக்கு ஆளான குழந்தைகள் எனப் பலரை அதில் சேர்த்தார். வேலையோடு கட்டப்பட்ட சமூகக் காப்பீடு இவர்களைச் சரியாக எட்டவில்லை.

சரி, வறுமை என்றே சொன்னால் என்ன? வறுமையும் வறட்சியும் ஒரே வேர். வற்றிப்போன நிலையை அது சொல்லும், வற்றவைத்தது யார் என்று கேட்காது. இங்கே தமிழிலக்கணமே கைகொடுக்கிறது. ஒதுங்கினார் என்பது தன்வினை, ஒதுக்கினார் என்பது பிறவினை. ‘அவர்களாகவே ஒதுங்கிக்கொண்டார்கள்’ என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம்! ‘ங்’ போய் ‘க்’ வந்தால், ஒதுக்கியது யார் என்று கேட்டே ஆகவேண்டும். அதனால்தான் ‘சமூக ஒதுக்கல்’ என்பதே சரி என்கிறேன்.

அதே வினை மருந்துக்கும் பெயர் தருகிறது: நிதி ஒதுக்கீடு. ஒருவரைத் தள்ளிவைப்பதும் ஒதுக்குவதுதான், ஒருவருக்கென எடுத்துவைப்பதும் ஒதுக்குவதுதான். பிரான்ஸ் 1988-இல் குறைந்தபட்ச வருமானத்துக்குச் சட்டம் இயற்றியபோது அதன் பெயரிலேயே ‘உட்சேர்த்தல்’ என்ற சொல்லை வைத்தது. பணத்தோடு வேலைக்கும் வாழ்க்கைக்கும் திரும்பும் வழியும் வேண்டும் என்பது நோக்கம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல், பத்தாண்டுகளுக்குள் 2 கோடிப் பேரையாவது வறுமை, ஒதுக்கல் ஆபத்திலிருந்து மீட்க இலக்கு வைத்தது. அதன் கணக்கில், ஒரு நாட்டில் எல்லாரையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் வருமானத்தில் 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர் வறுமை ஆபத்தில் இருப்பவர். உதவித்தொகைகளைச் சேர்த்து ஒருமுறை, சேர்க்காமல் ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளியில் உதவித்தொகையின் பலம் தெரியும்.

இந்த உதவித்தொகையை ஆங்கிலத்தில் குறிக்கும் ‘பெனிஃபிட்’ என்பதற்கும் ஒரு வார்த்தை. அதன் லத்தீன் வேர் நன்மை செய்தல் என்பது, எனவே ‘நல உதவி’ பொருந்தும். ‘இலவசம்’ பொருந்தாது, பெறுபவரைக் கூச வைக்கும். கூச்சத்தாலும், விண்ணப்பச் சிக்கலாலும், இப்படி ஒன்று இருப்பதே தெரியாததாலும் தகுதியிருந்தும் கேட்காதவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களும் ஒதுங்கியவர்கள் அல்லர், ஒதுக்கப்பட்டவர்கள்.