கதிர்வீச்சா, கதிரியக்கமா?

மும்பையில் செம்பூர், மாட்டுங்கா பக்கம் குடியிருப்பு சொசைட்டி கூட்டத்தில் மொட்டைமாடி செல்போன் கோபுரம் பற்றிப் பேச்சு எழுந்தால், நம்மவர்கள் எல்லோரும் சொல்வது "ரேடியேஷன்". அதையே தமிழில் எழுதும்போது சிலர் "கதிரியக்கம்" என்று எழுதிவிடுகிறார்கள். அந்தச் சொல் இங்கே பொருந்தாது. அதைப் படித்துவிட்டு வைஃபை பெட்டியைப் பார்த்தே பயப்படுகிறவர்கள் இருப்பதால் இதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரேடியேஷனின் வேர் 'ராடியுஸ்' என்ற லத்தீன் சொல். சக்கரத்தின் ஆரக்கால் என்று பொருள். நடுவிலிருந்து கிளம்பி எல்லாப் பக்கமும் விரிவதால் ஒளிக்கதிருக்கும் அதே பெயர் வந்தது. ரேடியோ, ரேடியம் இரண்டும் அதே வேரிலிருந்து வந்தவைதான். பெயர் ஒன்றுபோல இருப்பதால் பொருளும் ஒன்று என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

நம் 'கதிர்' மிகப் பழைய சொல். சிலப்பதிகாரத்தில் கண்ணகி கதிரவனைக் "காய்கதிர்ச் செல்வனே" என்று அழைக்கிறாள். நெல்லிலும் கதிர் உண்டு, நூல் நூற்பதிலும் கதிர் உண்டு. இதோடு 'வீச்சு' சேர்ந்தால் கதிர்வீச்சு, அதாவது ஆற்றல் அலையாகவோ துகளாகவோ வெளியே பரவுவது. இந்தியில் இதை 'விகிரண்' என்கிறார்கள். வெயில், அடுப்பின் அனல், எக்ஸ்ரே, வைஃபை எல்லாமே கதிர்வீச்சுதான்.

கதிரியக்கம் அப்படியில்லை. அணுவின் கரு தானாகவே சிதைந்து கதிர்களை வெளியிடும் பண்பு அது. யுரேனியம், ரேடியம், கோபால்ட்-60 போன்றவற்றுக்கு அது உண்டு. செம்பூரை அடுத்த ட்ராம்பேயில் 1956-இல் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. அங்கே கதிரியக்கம் என்று பேசுவது சரி. வைஃபை பெட்டிக்குள் அப்படிச் சிதைய எதுவும் இல்லை. சுவிட்சை அணைத்தால் அலை அந்த நொடியே நின்றுவிடும்.

இன்னொரு வேறுபாடும் முக்கியம். எக்ஸ்ரேயும் காமா கதிரும் அயனியாக்கும் கதிர்வீச்சு. அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்து எடுக்கும் வலு அவற்றுக்கு உண்டு. 2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஓடும் வைஃபை அலைக்கு அந்த வலு கிடையாது. அளவு மிக அதிகமானால் திசுவைச் சூடாக்கும், அதுதான் அதன் உறுதியான விளைவு. ஆகவே இதை 'ரேடியோ அலைக் கதிர்வீச்சு' என்று எழுதுவதுதான் சரி. வைஃபைக்கு 'அருகலை' என்ற நல்ல தமிழ்ச் சொல்லும் புழக்கத்தில் இருக்கிறது.

அப்படியானால் கவலையே வேண்டாமா? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் ரேடியோ அலைகளை 2பி பிரிவில் வைத்தது. புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு இருக்கலாம், ஆனால் சான்று குறைவு என்பது அதன் பொருள். இந்தியாவில் 2012 செப்டம்பரிலிருந்து போன்களுக்கு எஸ்.ஏ.ஆர். வரம்பு கிலோவுக்கு 1.6 வாட். ஒரு கிலோ உடல் திசு நொடிக்கு எவ்வளவு ஆற்றலை வாங்குகிறது என்ற கணக்கு அது. பல போன்களில் *#07# என்று அழுத்தினால் அந்த எண் தெரியும்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. தூரம் இரண்டு மடங்கானால் அலையின் வலு ஏறத்தாழ கால் பங்காகிவிடும். மும்பையின் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் ஹாலிலேயே பிள்ளைகள் படுப்பார்கள், அவர்கள் தலைமாட்டு டிவி அலமாரியில்தான் வைஃபை பெட்டியும் இருக்கும். அதை வாசல் பக்கம் உயரத்தில் மாற்றினாலே போதும்.

பெட்டியைவிடக் காதில் ஒட்டியிருக்கும் போன்தான் கவனிக்க வேண்டியது. சிக்னல் குறைந்தால் அது இன்னும் பலமாக அலையை வீசும். லிஃப்டிலும் அடித்தள பார்க்கிங்கிலும் நீளமாகப் பேச வேண்டாம், ஸ்பீக்கரில் போட்டுப் பேசலாம். அப்புறம், கதிர்வீச்சைத் தடுக்கும் என்று விற்கிற ஸ்டிக்கரை வாங்காதீர்கள். அது சிக்னலை மறைத்தால் போன் கூடுதலாகத்தான் உழைக்கும். அந்தக் காசுக்கு ஒயர் வைத்த இயர்போன் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.