ஜெபமாலைக்கும் மந்திரத்துக்கும் ஒரே மூச்சுக் கணக்கு

போன கிழமை லிஃப்டுக்குள்ள வச்சுக் கீழ்வீட்டு அன்ரி கேட்டா, "தம்பி, கோயில் விரதம் ஒண்டும் இல்லாம சும்மா கண்ணை மூடிக்கொண்டு இருந்தா தியானம் பலிக்குமோ?" எண்டு. வெள்ளவத்தை ஃபிளாட்டில லிஃப்ட் அவ்வளவு நேரம் ஓடாது, அதால மிச்சம் இங்க.

ஞானத்தை அளக்க மெஷின் இல்லை, உடம்பை அளக்கலாம். 2001இல வெளிவந்த ஒரு ஆய்வுக்காக இத்தாலியில லூச்சியானோ பெர்னார்டி எண்ட டொக்டரும் கூட்டாளியளும் 23 பேரை லத்தீன் ஜெபமாலையும் 'ஓம் மணி பத்மே ஓம்' மந்திரமும் சொல்ல வச்சு மூச்சையும் இதயத்தையும் பதிஞ்சினம். சும்மா இருக்கேக்க நாங்கள் நிமிசத்துக்கு 12இல இருந்து 20 தரம் மூச்சு விடுறம். அங்க ரெண்டிலயும் அது கிட்டத்தட்ட 6க்கு வந்திட்டுது!

ஏன் 6? எனக்கு ஆசையான இடம் இதுதான். கழுத்து நாடியில பிரஷரை உணருற நரம்பு நுனி இருக்கு. பிரஷர் கூடினா மூளைக்குத் தகவல் போகும், மூளை வேகஸ் நரம்பால இதயத்தை உடன மெதுவாக்கும், ஆனா இரத்தக்குழாய் தளர சில செக்கன் பிந்தும். கீசர் ஷவரில சுடுதண்ணி வரேல்லையெண்டு இன்னும் திறப்பம், பிறகு முதுகு வெந்து மூடுவம், திரும்பக் குளிரும், அதேதான், பிந்துறதால பிரஷர் சுமார் 10 செக்கனுக்கு ஒருக்கா ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். 10 செக்கன் எண்டா நிமிசத்துக்கு 6. மூச்சும் அதே கணக்கில போனா ரெண்டு அலையும் சேர்ந்து இதயத்துடிப்பின்ர ஏற்ற இறக்கம் பெருசாகும், பிரஷரைப் பிடிச்சு நிப்பாட்டுற வேலையும் திறமா நடக்கும்.

மணிக்கட்டில விரல் வச்சு 5 செக்கன் இழுத்து 5 செக்கன் விட்டுப் பாருங்கோ. இழுக்கேக்க நாடி ஓடும், விடேக்க இழுபடும். நான் 100 பஸ்ல பம்பலப்பிட்டி ட்ரஃபிக்கில செய்து பாக்க, பக்கத்து சீட் ஐயா நெஞ்சுநோவோ எண்டு சிங்களத்தில கேட்டு யன்னலையும் திறந்துவிட்டார்.

கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு எல்லாச் சமயத்து ஆக்களும் போறவை, நரம்புக்கும் அந்தப் பேதம் இல்லை. பிரபஞ்ச அதிர்வு எண்டு கோர்ஸ் வச்சு உழைக்கிறவையில்தான் எனக்கு எரிச்சல். அந்தக் காசில ஒரு ஈசிஜியும் மூச்சை அளக்கிற நெஞ்சுப்பட்டியும் வாங்கினா தேவாரம், பிக்குமார் ஓதுற பிரித், ஜெபமாலை மூண்டுக்கும் இங்கயே மூச்சு எண்ணலாம், ஆனா அதுக்கு ஆரும் காசு குடுக்கமாட்டினம்.

அன்ரிக்குப் பதில்: பலிக்கும், ஆனா ஸ்பீட் முக்கியம். நீங்க வெள்ளிக்கிழமை தேவாரம் படிக்கிறது எங்கட வீட்டுக்கும் கேக்குது, அந்த ஓட்டத்தில 6 வராது.