ரோமம் முற்றும் பருவம்

அலாஸ்காவின் உட்பகுதியில், ஃபேர்பேங்க்ஸைச் சுற்றியுள்ள காடுகளில், நவம்பர் பிறந்ததும் ரோமத்தோலுக்காக மார்ட்டன் பிடிக்கும் பருவம் தொடங்கிவிடும். மார்ட்டன் ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள, மரமேறத் தெரிந்த சிறு ஊனுண்ணி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் அபூர்வமாகக் கண்ணில் படும் நீலகிரி மார்ட்டனுக்குச் சொந்தக்காரன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் குடும்பம் முதலில் பொறியைத்தான் கற்றுக்கொள்ளப் பார்க்கும். பொறி சீக்கிரமே பிடிபட்டுவிடும். எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்ற கணக்குக்குத்தான் வருடங்கள் பிடிக்கும்.

தொடங்கும் நேரத்தைத் தோல் சொல்லிவிடும். அவசரப்பட்டுப் பிடித்த விலங்கை உரித்து, தோலின் உள்பக்கத்தைப் பார்த்தால் கருநீலமாக இருக்கும். குளிர்கால ரோமம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, வேர்களில் நிறமி நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். வளர்ச்சி முடிந்ததும் நிறமியெல்லாம் ரோமத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். உள்பக்கம் வெளுத்துப் பாலேட்டு நிறத்துக்கு வந்துவிடும். அதுதான் முற்றிய தோல். மேலே நீளமான, பனியை ஒட்டவிடாத காவல் ரோமம். அதற்கடியில் மெல்லிய உள்ரோமம் நெருக்கமாக மண்டி, தன்னிடையே காற்றைச் சிறைபிடித்து வைத்திருக்கும். அசையாத அந்தக் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. கருநீலத் தோலில் உள்ரோமம் முழுதாக மண்டியிருக்காது, வாங்குபவரும் விலையைக் குறைத்துவிடுவார்.

குளிர் அடிப்பதால்தான் ரோமம் வளர்கிறது என்று தோன்றும். முக்கியக் காரணம் இரவு. பொழுது சாயச் சாய மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலடோனின் சுரக்கிறது. இலையுதிர் காலத்தில் இரவு நீள நீள, அது சுரக்கும் நேரமும் நீள்கிறது. அதைத் தொடர்ந்து புரோலாக்டின் என்ற இன்னொரு ஹார்மோன் குறைய, கோடை ரோமம் உதிர்ந்து குளிர்கால ரோமம் முளைக்கிறது. ஃபேர்பேங்க்ஸில் டிசம்பர் 21 அன்று பகல் நான்கு மணி நேரம்கூட இருக்காது. மிங்க் என்ற விலங்கை ரோமத்துக்காக வளர்க்கும் பண்ணைகளில் கோடையிலேயே தோலுக்கடியில் மெலடோனின் வைத்து, ரோமத்தைச் சில வாரங்கள் முன்கூட்டியே முற்றவைப்பதும் உண்டு. குளிரே வராதபோதும் உடல் ஏமாந்துபோகிறது.

சரி, பொறிக்கு வருவோம். ஒரு கம்பத்தை மரத்தில் சாய்த்துக் கட்டுவார்கள். மேல் நுனியில் இரை, அதற்குச் சற்று முன்னால் பொறி. எவ்வளவு பனி விழுந்தாலும் பொறி புதையாது. பிடிபட்ட விலங்கின் ரோமத்தை எலிகளும் மூஞ்சூறுகளும் கடித்துக் கெடுக்கவும் முடியாது. கடுங்குளிரில் வாசனைப் பொருள்கள் ஆவியாவதே குறைவு, அதனால் சாதாரண இறைச்சி வாடை தூரம் போகாது. ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றம் கலந்த மருந்தைக் கொஞ்சம் தடவுவார்கள். அந்தப் புட்டி வண்டிக்குள் உடைந்தால் என்னவாகும் என்று பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவைப்பது நல்லது.

வழி போடுவதிலும் ஒரு இயற்பியல் இருக்கிறது. புதுப்பனியில் பனிவண்டியை ஓட்டினால் தடம் உடனே பொலபொலவென்றுதான் இருக்கும். ஒரு ராத்திரி விட்டுவிட்டால், நெருக்கப்பட்ட பனித்துகள்கள் தொட்ட இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டிப் பிணைந்து, தடம் கெட்டியாகிவிடும். உருகி உறைவதால் இப்படி ஆவதில்லை. உறைநிலைக்கு வெகு கீழேயும் இது நடக்கும். மறுநாள் அதில் மனிதர் நடக்கலாம். லின்க்ஸ் என்ற காட்டுப்பூனையும் ஓநாயும்கூட ஆழப்பனியில் திண்டாடாமல் அதே வழியில் வரும். குளிர் மிகவும் முற்றிவிட்டால் மார்ட்டன் வெளியே வருவதைக் குறைத்துக்கொள்ளும். நீண்டு மெலிந்த உடம்பு, கொழுப்பும் குறைவு. பனிக்கடியில் விழுந்துகிடக்கும் மரங்களுக்கிடையே முடங்கிக்கொள்ளும். பொறி வெறுமையாகக் கிடந்தால் தெர்மாமீட்டரையும் பார்க்க வேண்டும்.

கொல்லும் பொறிக்கு அளவுகோல் உண்டு. 1997-இல் கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் கையெழுத்திட்ட உடன்படிக்கைப்படி, சோதனையில் 100-க்கு 80 மார்ட்டன்களாவது 120 விநாடிக்குள் நினைவிழக்க வேண்டும். இரண்டு நிமிடம் எனக்கு நீண்ட நேரமாகவே படுகிறது. அடி கழுத்தில் விழும்படி பொறியை வைக்கத் தெரியாதவர் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

உரிப்பது வீட்டுக்குள் நடக்கும். பின்னங்கால்களுக்கிடையே ஒரே கீறல். பிறகு சட்டைக் கையைப் புரட்டிக் கழற்றுவதுபோல் தோல் மூக்குவரை முழுதாக வந்துவிடும். உள்பக்கம் வெளியே தெரிய, கூம்பிய பலகையில் மாட்டுவார்கள். தொட்டால் லேசாக ஒட்டும் பதத்துக்கு வந்ததும் திருப்பி, ரோமம் வெளியே வரும்படி மறுபடி மாட்ட வேண்டும். காய விட்டுவிட்டால் திருப்பவே வராது. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து அவசரப்பட்டால் தோல் மொறுமொறுத்து வெடித்துவிடும்.

நிறுத்தும் கணக்கு மண்டையோட்டில் இருக்கிறது. உரித்த தலையை மேலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் தாடைத் தசைகள் தெரியும். அந்த வருடம் பிறந்த குட்டியில் அவற்றுக்கிடையே இடைவெளி இருக்கும். வயதாக ஆக அவை நடுக்கோட்டில் வந்து சேர்ந்துவிடும். ஆண்களும், சொந்த எல்லை கிடைக்காமல் அலையும் குட்டிகளும்தான் முதலில் மாட்டும். வளர்ந்த பெண் தன் சிறிய எல்லையை விட்டு அதிகம் நகராது. பெண்கள் வரத் தொடங்கினால் காடு காலியாகிறது என்று பொருள்.

மார்ட்டன் கோடையில் இணைசேர்கிறது. கரு உடனே வளராமல் மாதக்கணக்கில் கருப்பையில் மிதந்துகொண்டிருந்து, குளிர்காலக் கடைசியில்தான் ஒட்டி வளரத் தொடங்கும். டிசம்பரில் பிடிபடும் வளர்ந்த பெண் பெரும்பாலும் அடுத்த வசந்தத்துக் குட்டிகளோடுதான் பிடிபடுகிறது. அதனால் பிடிபட்டவற்றில் ஒரு வளர்ந்த பெண்ணுக்கு மூன்று குட்டிகள் என்ற விகிதத்துக்குக் கீழே இறங்கினால் பொறிகளை எடுத்துவிடுவது அனுபவசாலிகளின் வழக்கம், பருவம் முடியாவிட்டாலும்கூட. அலாஸ்காவின் மீன், வேட்டை விலங்குத் துறை ஆண்டுதோறும் பொறி வைப்பவர்களிடம் கேள்வித்தாள் அனுப்பிக் கேட்பதும் இப்படிப்பட்ட தகவல்களைத்தான்: என்ன பிடித்தீர்கள், எந்த விலங்கு கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது.