மூணு வயசுல குதிரை ஏத்தலாமா?

ஏப்ரல் பிறந்துவிட்டால் எங்கள் பயிற்சிக் கூடத்துக்கு வரும் அழைப்புகளில் பாதிக்குமேல் ஒரே கேள்விதான். "மேடம், பாப்பாவுக்கு மூணு வயசு முடிஞ்சிருச்சு, சேர்த்துக்குவீங்களா?" கூடவே ஒரு நற்சான்றும் வரும்: "மெரினாவுல ஏத்தினோம், கொஞ்சம்கூட பயப்படல." 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் குதிரையை நளினமாக நடத்திக் காட்டும் டிரெஸ்ஸாஜ் போட்டியில் நம் அணி தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தங்கம். அதன்பிறகு இந்த அழைப்புகள் இன்னும் கூடின.

நேராகவே சொல்லிவிடுகிறேன். மூன்று வயதில் குதிரையோடு பழகலாம். தொட்டுப் பார்க்கலாம், கேரட் கொடுக்கலாம். நான்கு, ஐந்து வயதில் ஒருவர் கயிறு பிடித்து நடத்த, இன்னொருவர் பக்கத்திலேயே நடந்துவர, சின்னப் போனியில், அதாவது குட்டைக் குதிரையில், பத்துப் பதினைந்து நிமிடம் உட்காரலாம். கடிவாளத்தைத் தானே பிடித்து ஓட்டிப் பழகும் முறையான வகுப்புக்கு ஆறு அல்லது ஏழு வயது ஆகட்டும். நாலைந்து குதிரைகள் ஒன்றாகச் சுற்றும் குழு வகுப்பில் எட்டு வயதுக்கு முன் நான் யாரையும் சேர்ப்பதில்லை. வேறு பயிற்சியாளர்கள் ஒரு வருடம் முன்பின் சொல்வார்கள். அதில் எனக்குச் சண்டையில்லை.

மூன்று வயதுப் பிள்ளையைச் சேணத்தில் உட்காரவைத்துப் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரியும். குதிரையின் முதுகு அகலம், பிள்ளையின் தொடையோ குட்டை. கால்கள் கீழே தொங்காமல் பக்கவாட்டில் விரிந்து நிற்கும். பாதம் வைக்கும் வளையமான அங்கவடியின் வாரைக் கடைசி ஓட்டைவரை ஏற்றினாலும் பாதம் எட்டாது. குதிரைமேல் நிலைத்திருக்கத் தொடையும் இடுப்பும்தான் துணை. அவை உதவாதபோது பிள்ளை கையால் எதையாவது பிடித்துத் தொங்கும், பெரும்பாலும் கடிவாளத்தை. அது குதிரையின் வாயில் வலிக்கும். போதாததற்கு அந்த வயதில் உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கனம். குதிரை எதையோ பார்த்துச் சட்டென்று ஓரடி விலகினால் முதலில் சாய்வது தலைதான்.

குதிரையின் உயரத்தையும் யாரும் கேட்பதில்லை. நம் ஊர்ப் பயிற்சிக் கூடங்களில் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் இனக் குதிரைகள் நிறைய. அவற்றில் பதினாறு கை உயரம் சர்வசாதாரணம். ஒரு கை என்றால் நான்கு அங்குலம். ஆக, தோள் மட்டத்திலேயே 5 அடி 4 அங்குலம். அதன்மேல் உட்கார்ந்த பிள்ளையின் தலை தரையிலிருந்து ஏழடி உயரத்தில் இருக்கும். 14 கை 2 அங்குலத்துக்கு உட்பட்டதைத்தான் போனி என்கிறோம். சின்னப் பிள்ளைகளுக்கு 11, 12 கை போதும். ஐந்து வயதுக்கும் வகுப்பு உண்டு என்று ஒரு கூடம் சொன்னால், எதன்மேல் ஏற்றப்போகிறார்கள் என்று போய்ப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். போனி சின்னது என்பதால் சாது என்றும் நினைத்துவிட வேண்டாம். குறும்பில் பெரிய குதிரைகளைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். குழந்தைக்கு ஏற்றது பதினைந்து வயது தாண்டிய, ஊர் உலகம் பார்த்த, பட்டாசு வெடித்தாலும் காதை மட்டும் திருப்பிவிட்டுப் புல்லைத் தின்னும் போனி.

என்னிடம் வரும் பிள்ளைகளை முதல் நாள் குதிரைமேல் ஏற்றுவதே இல்லை. லாயத்துக்குக் கூட்டிப்போய்க் கையில் பிரஷ்ஷைக் கொடுப்பேன். தோள் பக்கமாக நின்று மேலிருந்து கீழாகத் தேய்க்கச் சொல்வேன். கொஞ்ச நேரம் விட்டு, "நிறுத்து. ரெண்டடி பின்னாடி வா. அந்த மஞ்சள் டிரம் பக்கத்துல நில்லு" என்பேன். மூன்றையும் வரிசையாகச் செய்கிற பிள்ளை தயார். இரண்டாவது சொல்லுக்குள் தண்ணீர் வாளியில் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தால் ஆறு மாதம் கழித்து வரட்டும். மேலே ஏறியபின் "குதிகாலை அழுத்து, எதிரே பார், கையைத் தளர்த்து" என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். கேட்டு நடக்க வேண்டும். ஒற்றைக் காலில் பத்து நொடி நிற்கச் சொல்லியும் பார்ப்பேன்.

பயப்படாத பிள்ளை என்று பெற்றோர் பெருமையாகச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். பயந்த பிள்ளை நான் சொல்லும்வரை அசையாது. பயமறியாத பிள்ளை குதிரையின் பின்பக்கமாக ஓடும். தனக்கு நேர் பின்னால் இருப்பதும் மூக்குக்கு நேர் கீழே இருப்பதும் குதிரையின் கண்ணுக்குத் தெரியாது. பின்னால் காலடிச் சத்தம் மட்டும் கேட்டால் பதற்றத்திலேயே உதைத்துவிடும். குதிரையால் படும் காயங்களில் பல, கீழே நிற்பவர்களுக்கே நேர்கின்றன.

மெரினாவிலும் ஊட்டியிலும் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் ஏறிய அனுபவத்தைத் தயவுசெய்து பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே ஹெல்மெட் கிடையாது, காலில் செருப்பு. சில அப்பாக்கள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஏறுகிறார்கள். விழுந்தால் குழந்தைமேல் அப்பா விழுவார்.

வகுப்புக்கு வரும்போது சைக்கிள் ஹெல்மெட் வேண்டாம். குதிரையேற்றத்துக்கென்றே செய்த ஹெல்மெட் வாங்குங்கள். புருவத்துக்குமேல் இரண்டு விரல் இடம் விட்டு உட்கார வேண்டும். தலையை ஆட்டினால் நழுவக் கூடாது. உச்சிக் கொண்டை போட்டால் ஹெல்மெட் தூக்கிக்கொண்டு நிற்கும். பின்கழுத்தில் தழையப் பின்னிவிடுங்கள். ஷூவுக்கு லேசான குதிகால் உயரம் அவசியம். தட்டையான ஷூவும் கிராக்ஸும் அங்கவடிக்குள் முழுசாக நுழைந்து மாட்டிக்கொள்ளும். விழும்போது கால் மாட்டினால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். எங்கள் தொழிலில் நாங்கள் மிகவும் அஞ்சுவது அதைத்தான். துப்பட்டா, வளையல், கொலுசு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

வேலிக்கு வெளியே செல்போனோடு நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "கண்ணா, இங்க பாரு!" என்று கூப்பிட்டால் பிள்ளையின் தலை மட்டும் திரும்பாது, உடம்பே திரும்பும். படத்தை அது இறங்கியபின் எடுங்கள்.

சேர்க்கும் முன் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை பேசிவிடுவது நல்லது. லாயத்து மண்ணிலும் சாணத்திலும் டெட்டனஸ் கிருமி இருக்கும். ஐந்து, ஆறு வயதில் போடவேண்டிய டிபிடி பூஸ்டரும் 10, 16 வயதுகளில் போடும் டிடியும் விட்டுப்போகாமல் இருக்கின்றனவா என்று தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குக் குதிரை முடியும் வைக்கோல் தூசியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் மேல் எலும்புகளின் பிணைப்பு தளர்வாக இருக்கும். மருத்துவர் பார்த்துச் சரியென்று சொல்லாமல் ஏற்றவே கூடாது. குதிரைவழி சிகிச்சைக்கு, அதாவது குதிரைமேல் உட்காரவைத்து உடலுக்குத் தரும் பயிற்சிக்கு, வருபவர்களும் பிசியோதெரபிஸ்ட் உடனிருக்கும் இடமாகத் தேடிப் போங்கள். குதிரை கடித்துத் தோல் கிழிந்தால், நாய்க்கடிக்குப் போவதுபோலவே அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறிநோய் குதிரைக்கும் வரும்.

என்றாவது விழவும் செய்வார்கள். விழாமல் கற்றவர்கள் யாரும் இல்லை. தலையில் அடிபட்டு வாந்தி, தூக்கக் கலக்கம், குழப்பமான பேச்சு இருந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவு. அறிகுறி லேசாக இருந்தாலும் அன்றைக்கு மறுபடி ஏற்ற வேண்டாம். "விழுந்தா உடனே ஏத்தணும், இல்லேன்னா பயம் தங்கிடும்" என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். தலையில் அடிபட்ட பிள்ளையிடம் அது செல்லாது. அடி வாங்கிய ஹெல்மெட்டையும் மாற்றிவிடுங்கள். வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற அடுக்கு நசுங்கியிருக்கும். இன்னொரு அடியை அது தாங்காது.