கொம்புக்குள் காய்ந்த மருந்து

2020-ல் தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில், ஓவியங்கள் தீட்டிய பாறைக் குகை ஒன்றில் ஒரு பொட்டலம் கிடைத்தது. மேலே புல்லும் நச்சுக் கிழங்கின் செதில்களும் சுற்றியிருந்தன. உள்ளே தோல் மூடி போட்ட மாட்டுக்கொம்பு. கொம்புக்குள் ஒரு காலத்தில் குழம்பாக இருந்து, இறுகிப்போன ஏதோ ஒன்று. வயது ஏறக்குறைய 500 ஆண்டுகள்.

அது என்ன என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு ஜிசி-எம்எஸ் (கலவையை மூலக்கூறு வாரியாகப் பிரித்து, எடையை வைத்து அடையாளம் காண்பது) என்ற கருவி உண்டு. துளியூண்டு சுரண்டலைக் கரைத்து, சூடேற்றி ஆவியாக்கி, பல மீட்டர் நீளமுள்ள, முடி போல் மெல்லிய துளை கொண்ட குழாய்க்குள் வாயுவோடு அனுப்புவார்கள். குழாயின் உட்பூச்சில் சில மூலக்கூறுகள் அதிகம் ஒட்டிக்கொண்டு தாமதிக்கும், சில வழுக்கிக்கொண்டு முந்தும். இப்படிப் பிரிந்து வருபவற்றை எலக்ட்ரான் கற்றையால் அடித்து உடைப்பார்கள். எந்தெந்த எடையில் துண்டுகள் விழுகின்றன என்பதுதான் கைரேகை. அதைத் தெரிந்த பொருள்களின் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். சர்க்கரை மாதிரியான பொருள்கள் மட்டும் ஆவியாகாமல் கருகிவிடும் என்பதால், முதலில் வேறொரு வேதிப்பொருளைச் சேர்த்து எளிதில் ஆவியாகும்படி மாற்றிக்கொள்கிறார்கள்.

கொம்பில் முக்கியமாகத் தெரிந்தவை செடிகளில் காணப்படும் இரண்டு வேதிப்பொருள்கள்: லூபியோலும், சர்க்கரை மாதிரியான மோனோமெத்தில் இனோசிட்டாலும். சரி, எந்த மூலிகை? இங்கேதான் கருவி கைவிரிக்கிறது. லூபியோல் எத்தனையோ செடிகளில் உண்டு, நம் மாம்பழத்தில்கூட. இரண்டுக்கும் மருத்துவக் குணம் சொல்லலாம். எந்த நோய்க்குக் கொடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. எளிதில் சிதையும் மூலக்கூறுகள் 500 ஆண்டில் மறைந்திருக்கவும் கூடும்.

அருங்காட்சியகத்தில் கிடக்கும் ஆப்பிரிக்க மருந்துக் குடுவைகளில் சிக்கல் இன்னும் கூடுதல். பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்துப் பாதுகாவலர்கள் ஆர்செனிக்கும் பாதரச உப்பும் தடவினார்கள். பாதரசம் தெரிந்தால் அது வைத்தியர் போட்டதா, அருங்காட்சியகம் போட்டதா? தொடாமலே பார்க்க எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி இருக்கிறது. கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் எக்ஸ்-கதிரைத் திருப்பி உமிழும். குடுவையின் வெளிப்புறம், மூடி, உள்ளே உள்ள மருந்து மூன்றையும் தனித்தனியாகப் பார்த்து, வெளியே மட்டும் பாதரசம் மிகுந்திருந்தால் பாதுகாவலர் மேல் சந்தேகம் விழும். குகையிலிருந்து புதிதாக வந்த கொம்புக்கு அந்தப் பூச்சுத் தொல்லை இல்லை.