வேலிடேட்டிங் ஆக்ட்: 'சரிபார்ப்புச் சட்டம்' இல்லீங்க

அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துல, சின்ன ஊர் நகராட்சிங்க பொது மேம்பாட்டுப் பகுதி (பப்ளிக் இம்ப்ரூவ்மென்ட் டிஸ்ட்ரிக்ட்) விஷயத்துல முன்னாடி செஞ்சதையெல்லாம் செல்லும்னு ஆக்குற சட்டத்துக்கு வேலிடேட்டிங் ஆக்ட்னு பேரு. அதத் தமிழ்ல எழுதணும்னு வந்தாலே, யாராவது ஒருத்தர் 'சரிபார்ப்புச் சட்டம்'னு போட்டுடுறாங்க. போதும்ப்பா.

வேலிட், லத்தீன் 'வாலிதுஸ்'லேர்ந்து வந்தது, வலுவானதுன்னு அர்த்தம். வேலிடேட் பண்றதுன்னா வலு குடுக்குறது. அவ்ளோதான் வேர்க்கதை.

சரிபார்ப்புங்கிறது, கம்ப்யூட்டர் ஆளுங்க ஃபார்ம்ல போன் நம்பர் பத்து இலக்கம் இருக்கான்னு பாக்குறதுக்குச் சொல்ற சொல். அங்க சரி. ஆனா இந்தச் சட்டத்துல யாரும் எதையும் பாக்குறதே இல்லையே! ஊர் ஓரத்துல புது மனைப்பிரிவு வருது, ரோடு, சாக்கடை, தண்ணிக் குழாய் போடணும். டெக்சாஸ் உள்ளாட்சிச் சட்டத்தொகுப்பு 372ஆம் அத்தியாயப்படி, அந்த இடத்த பொது மேம்பாட்டுப் பகுதியா ஆக்கி, அந்தச் செலவ பலன் அடையுற நிலத்துக்காரங்க தலையில மட்டும் தனிக் கட்டணமா போடலாம். அதுக்கு அங்க இருக்கிற நிலத்தோட மதிப்புல பாதிக்கு மேல வச்சிருக்கிற உரிமையாளருங்க மனுவுல கையெழுத்துப் போட்டிருக்கணும், விசாரணைக் கூட்டத்துக்கு 15 நாளுக்கு முன்னாடியே பேப்பர்ல அறிவிப்பு வரணும், வீட்டுக்குத் தபாலும் போகணும். ரெண்டு மூணு பேர் வேல பாக்குற ஆபீஸ்ல தபால் லேட்டா போயிடும், தீர்மானத்துல எல்லை தப்பா விழுந்துடும். அதுக்குள்ள நகராட்சி பாண்டு (கடன் பத்திரம்) வித்து, ரோடும் போட்டு, ஜனங்க குடியும் வந்திருப்பாங்க. அப்ப சட்டமன்றம் வந்து, அந்த நடவடிக்கை எல்லாம் நடந்த தேதியிலேர்ந்தே சட்டப்படி நடந்ததாத்தான் கொள்ளணும், மாத்திப் பேச இடமில்லன்னு சொல்லிடுது. ஒரு ஃபைலயும் பிரிக்காமலே! இதுக்குப் போயி சரிபார்ப்புன்னா, அதிகாரி உக்காந்து ஒவ்வொரு தபாலா பாத்தாருன்னுல்ல படிக்கிறவன் நெனப்பான்?

'வரன்முறைப்படுத்தல்'னு சிலர் எழுதுறாங்க, அது பரவால்ல, ஆனா நம்மூர்ல அப்ரூவல் இல்லாத மனைக்கு ஆளாளுக்கு அப்ளிகேஷன் போட்டு காசு கட்டி வாங்குறது அது. இங்க யாரும் அப்ளை பண்றதில்ல, மொத்தமா ஒரே அடி. 'அங்கீகாரச் சட்டம்'னா இன்னிக்கு ஒத்துக்கிட்டாங்கன்னுதான் தொனிக்குது, பின்தேதி போட்டு வலு குடுக்குற விஷயம் காணாமப் போயிடுது.

நம்மகிட்ட நல்ல சொல் இருக்கு: செல்லும், செல்லாது. நோட்டுக்கும் ஓட்டுக்கும் பாட்டி வரைக்கும் சொல்ற சொல்லு. நம்ம சட்டத் தமிழ்ல 'செல்லத்தக்கதாக்கல்'னு ஏற்கனவே இருக்கு, வாய்ல நுழையலன்னா 'செல்லுபடியாக்கும் சட்டம்'னு எழுதுங்க. செல்லாத எல்லாத்தையும் இது செல்ல வச்சிடாதுங்கிறதயும் சேத்தே எழுதுங்க: இந்த மாதிரி சட்டத்துல வழக்கமா, ஏற்கனவே கோர்ட்ல இருக்கிற வழக்கு, குற்றமா இருந்த செயல் இதுக்கெல்லாம் பொருந்தாதுன்னு ஒரு பிரிவு இருக்கும். தனியா அதே உள்ளாட்சிச் சட்டத்தொகுப்புல 51ஆம் அத்தியாயத்துல வேற, யாரும் கேஸ் போடாம மூணு வருஷம் ஓடிட்டா நகராட்சி செஞ்சது செல்லும்னே கொள்ளணும்னு ஒரு பொது விதி.

அப்புறம் அந்த 'டிஸ்ட்ரிக்ட்'. பார்த்த உடனே 'பொது மேம்பாட்டு மாவட்டம்'! நாலு தெரு, ஒரு பூங்கா, அதுக்குப் பேரு மாவட்டமா? கலெக்டர் யாரு? டெக்சாஸ்ல 254 கவுண்டி இருக்கு, அதத்தான் ஏற்கனவே மாவட்டம்னு எழுதிட்டு இருக்கோம், இப்ப மாவட்டத்துக்குள்ள ஊரு, ஊருக்குள்ள மறுபடி மாவட்டம். 'பகுதி'ன்னு போட்டா என்ன கொறஞ்சிடும்?