சில்லு சுழன்றால்தான் ஸ்ரேறிங் கேட்கும்

ஐப்பசி மழையின் முதல் பத்து நிமிடம் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் மிக மோசமான நேரம். மாதக்கணக்கில் வெயிலில் கிடந்த தாரில் செம்மண் புழுதியும் லொறிகள் சிந்திய டீசலும் தேய்ந்த ரயர்களின் றப்பர்ப் பொடியும் படிந்திருக்கும். கொஞ்சத் தண்ணீர் பட்டதும் அது சவர்க்காரக் குழம்பு போல ஆகிவிடும். மழை விடாமல் கொட்டினால் கழுவுப்பட்டு, பிடிமானம் ஓரளவு திரும்பும். அதற்குள் நாவற்குழிப் பக்கம் ஒரு மாடு குறுக்கே வந்து, சாரதி பிறேக்கை ஓங்கி மிதித்தால், காலுக்குக் கீழே ‘கரகர’ என்று ஏதோ அரைபடும் சத்தம் கேட்கும், பெடல் உதறும். பலர் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். அந்த உதறல் பழுது அல்ல, பிறேக் பிடிக்கும்போது சில்லு சுழலாமல் இறுகிவிடாதபடி காக்கும் ஏபிஎஸ் என்ற அமைப்பு வேலை செய்வதன் அடையாளம். அந்த நேரத்தில் காலை எடுப்பதுதான் ஆபத்து.

பிறேக் பிடிக்கும்போது சில்லு காரின் வேகத்தைவிடச் சற்றுக் குறைவாகவே சுழலும். இந்த வித்தியாசம் 10 முதல் 20 வீதம் வரை இருக்கும்போது தார் வீதியில் ரயரின் பிடி உச்சத்தில் நிற்கும். அதைத் தாண்டினால் கண்மூடித் திறப்பதற்குள் சில்லு சுழலாமல் இறுகிவிடும். இறுகிய ரயர் தாரில் தேய்ந்துகொண்டு போகும், பிடியும் குறையும். அதைவிடப் பெரிய இழப்பு ஸ்ரேறிங். பக்கவாட்டுப் பிடி சுழலும் ரயருக்குத்தான் உண்டு. முன்சில்லுகள் இறுகிய காரை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே வழுக்கும். பின்சில்லுகள் மட்டும் இறுகினால் கார் பம்பரமாய்ச் சுற்றும்.

ஏபிஎஸ் இதைத் தடுப்பது எப்படி? ஒவ்வொரு சில்லுக்கும் பக்கத்தில் ஒரு பல்வளையமும் அதிலிருந்து ஒரு மில்லிமீற்றர் அளவு இடைவெளியில் ஒரு சென்சரும் இருக்கும். புதிய வாகனங்களில் பல்வளையத்துக்குப் பதிலாக பெயாரிங் மூடியிலேயே காந்த வளையம் வரும். பற்கள் கடந்து போகும் வேகத்தைப் பார்த்து, எந்தச் சில்லு மற்றவற்றைவிடத் திடீரென மெதுவாகிறது என்று கட்டுப்பாட்டுப் பெட்டி கண்டுபிடிக்கும். உடனே அந்தச் சில்லுக்குப் போகும் பிறேக் எண்ணெய்க் குழாயின் உள்வால்வை மூடும். அப்போது நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் அழுத்தம் கூடாது. சில்லு இன்னும் மெதுவானால் வெளிவால்வைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்கும். சில்லு மீண்டும் சுழலத் தொடங்கியதும் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும். வெளியேறிய எண்ணெயைச் சிறிய மோட்டார்ப் பம்பு பிரதான சிலிண்டருக்குத் திருப்பித் தள்ளும். காலில் உதறலாய்த் தெரிவது அந்தத் தள்ளல். நல்ல தாரில் இந்தச் சுற்று ஒரு செக்கனுக்குப் பத்துத் தடவைக்கு மேலும் நடக்கும். மனிதக் கால் எவ்வளவு பழகினாலும் நான்கு சில்லுக்கும் தனித்தனியாக இதைச் செய்ய முடியாது. மின்னணுக் கட்டுப்பாட்டோடு நான்கு சில்லுக்குமான ஏபிஎஸ்ஸை போஷ் நிறுவனம் 1978இல் மெர்சிடஸ் பென்ஸ் எஸ் வகைக் காரில் கொடுத்தது.

ஆனால் தரையில் இல்லாத பிடியை ஏபிஎஸ் உண்டாக்காது. 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் காரை எடுங்கள். உலர்ந்த நல்ல தாரில் உராய்வெண், அதாவது ரயருக்கும் தரைக்கும் இடையிலான பிடியின் அளவு, 0.8 என்றால், பிறேக் பிடித்த இடத்திலிருந்து நிற்க ஏறத்தாழ 18 மீற்றர் வேண்டும். நனைந்த தாரில் 0.5 என்றால் 28 மீற்றர். பனிக்கட்டியில் 0.1 என்றால் 142 மீற்றர். இவை பிறேக் முழுதாக வேலை செய்யும் தூரங்கள். சாரதி கண்டு கால் வைக்க ஒரு செக்கன் எடுத்தால் இன்னும் 17 மீற்றர் சேரும்.

அந்த 142 மீற்றர் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். இங்கே உறைபனி இல்லைத்தான். ஆனால் கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கும் நம் பிள்ளைகள் மார்கழியில் அந்தத் தெருவில்தான் ஓடுகிறார்கள். பனிக்கட்டியில் ஏபிஎஸ் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. அழுத்தத்தை விட்டதும் சில்லை மீண்டும் சுழற்றுவது தரையின் பிடி. அந்தப் பிடியே இல்லாதபோது சில்லு சோம்பலாய்த்தான் வேகம் எடுக்கும், எனவே பெட்டி நெடுநேரம் அழுத்தத்தை விட்டே வைத்திருக்க வேண்டும். இன்னொரு சிக்கல், நான்கு சில்லும் ஒன்றாக வழுக்கினால் காரின் உண்மையான வேகம் எது என்று ஒப்பிட ஒரு சில்லும் மிஞ்சாது, பெட்டி கணக்குப் போட்டு ஊகிக்க வேண்டும். வெப்பநிலை பூச்சியப் பாகைக்கு அருகில் இருக்கும் பனிக்கட்டி, மறை இருபது பாகையில் இருப்பதைவிட அதிகம் வழுக்கும் என்பதையும் அங்கே ஓடுபவர்கள் மனதில் வைக்க வேண்டும். குளிர்கால ரயர் இல்லாமல் ஏபிஎஸ்ஸை நம்பி இறங்குவது தவறு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அந்த ரயர் சட்டப்படி கட்டாயம்.

யாழ்ப்பாணத்தில் ஏபிஎஸ்ஸின் பெறுமதி வேறோர் இடத்தில் தெரியும். ஒடுங்கிய தெருவில் எதிரே பஸ் வரும்போது நாம் இடப்பக்கச் சில்லுகளைத் தாருக்கு வெளியே, நனைந்த செம்மண் ஓரத்தில் இறக்குவோம். இடப்பக்கம் சேறு, வலப்பக்கம் தார். அப்போது திடீரென பிறேக் பிடித்தால் வலப்பக்கச் சில்லுகள் தாரைக் கவ்வும், இடப்பக்கச் சில்லுகள் சேற்றில் வழுக்கும். வலப்பக்கத்தில் மட்டும் இழுவை கூடுவதால் காரின் மூக்கு வலப்பக்கம் திரும்பும், அதாவது வரும் பஸ்ஸின் பக்கம். ஏபிஎஸ் இதற்கென்றே இரண்டு வேலை செய்கிறது. பின்சில்லுகள் இரண்டுக்கும், பிடி குறைந்த பக்கத்துக்கு ஏற்ற அழுத்தத்தையே கொடுக்கும். முன்பக்க வலச்சில்லுக்கு அழுத்தத்தை மெதுவாக ஏற்றி, ஸ்ரேறிங்கைச் சற்று இடப்பக்கம் பிடித்துச் சமாளிக்கச் சாரதிக்கு நேரம் தரும். நிற்கும் தூரம் கொஞ்சம் கூடும். அந்த விலையைக் கொடுப்பதுதான் சரி. ஏபிஎஸ் இல்லாத பழைய வாகனத்தில் இப்படி ஓரத்தில் இறங்குமுன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

மணல் வேறு கதை. மணற்காட்டுப் பக்கம் தெருவில் காற்று வாரிப் போட்ட மணலில் இறுகிய சில்லு, முன்னால் மணலைக் கும்பலாய்க் குவித்து, அந்தக் கும்பலையே தடையாக்கி நிற்கும். ஏபிஎஸ் சில்லை உருளவிடுவதால் கும்பல் சேராது, தூரம் நீளும். பருக்கைக் கல்லிலும் புதிதாய் விழுந்த பனித்தூளிலும் இதே கதை. அறுவடை நாளில் தாரில் காயப்போட்ட நெல்லோ இன்னும் பொல்லாதது. மணிகள் ரயருக்குக் கீழே உருள்வதால் எந்த பிறேக்கும் பெரிதாய் உதவாது.

மோட்டார் சைக்கிள்காரர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம். ஆனால் பல வண்டிகளில் அது முன்சில்லுக்கு மட்டும்தான், பின்சில்லு வழக்கம்போல இறுகும். வளைவில் சாய்ந்தபடி ஓங்கிப் பிடித்தாலும் சாதாரண ஏபிஎஸ் வண்டியைத் தாங்காது. நிமிர்த்திவிட்டுத்தான் பிறேக்.

காரில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பெடலை முழுதாக மிதியுங்கள், உதறினாலும் வாகனம் நிற்கும் வரை விடாதீர்கள், விட்டு விட்டு மிதிக்காதீர்கள், கண்ணைத் தடையில் வைக்காமல் போக வேண்டிய இடைவெளியில் வைத்துத் திருப்புங்கள். விட்டு விட்டு மிதிக்கும் பழைய பழக்கம் ஏபிஎஸ் இல்லாத வாகனத்துக்கு உரியது.

பண்ணைப் பாலத்தால் வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் தினமும் ஓடும் வாகனங்களில் உப்புக் காற்று பல்வளையத்தைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு உப்பி இடைவெளியை மாற்றினாலும், சேறு அடைந்தாலும், சென்சரின் வயர் அறுந்தாலும் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு எரியும். ஒரு சில்லுக்கு வேறு அளவு ரயர் போட்டாலும் சுழலும் எண்ணிக்கை மாறிப் பெட்டி குழம்பும். மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிறேக் இருக்கும், இறுகாத பாதுகாப்பு இராது. சிவப்பு பிறேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பிறேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. ஈரம் வால்வுகளையும் அரிக்கும். பாவித்த வாகனம் வாங்கும்போது சாவியைத் திருப்பி அந்த மஞ்சள் விளக்கைப் பாருங்கள். சில செக்கன் எரிந்து அணைந்தால் நல்லது. எரியவே இல்லை என்றால், விற்பவர் குமிழைக் கழற்றிப் பழுதை மறைத்திருக்கவும் கூடும், கராஜில் கருவி போட்டுப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.